தானாக அணைந்து எழும் ஸ்மார்ட் ஸ்பீக்கர்: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டறியும் முறை

ஸ்மார்ட் ஸ்பீக்கர் பாட்டின் நடுவே சட்டென்று ஊமையாகி, விளக்கு சுற்றி, ஒரு நிமிடம் கழித்து எதுவும் நடக்காததுபோல் எழுந்து நிற்கிறது என்றால், பெரும்பாலானோர் கைபேசியை எடுத்து முதலில் தேடுவது, எல்லா அமைப்புகளையும் அழித்துப் புதிதுபோல் ஆக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்யும் முறையைத்தான். அதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ள வேண்டும். வட சென்னையில் இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலோர வீடுகளிலும், வியாசர்பாடி, கொடுங்கையூர், பெரம்பூர்ப் பக்கத்து வீடுகளிலும் இந்தக் குறையோடு நான் பார்த்த கருவிகளில் மென்பொருளால் கெட்டவை குறைவு. சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலிருந்து ஸ்பீக்கரின் பின்புறத் துளை வரையிலான நாலைந்து அடிக்குள், ஏதோ ஓரிடத்தில் மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்துக்கு அறுபட்டவையே அதிகம். ஆகவே இந்த வழிமுறை மின்சாரத்தில் தொடங்கி, அதன் பிறகே மென்பொருளுக்கு வருகிறது. உங்கள் ஸ்பீக்கர் எந்தச் சூழலில் அணைகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகச் செல்லலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

அணைவது உண்மைதானா என்று முதலில் உறுதிசெய்தல்

வைஃபை அறுந்து மறுபடி சேர்வதையும் பலர் "ரீஸ்டார்ட் ஆகிறது" என்றே சொல்கிறார்கள். இரண்டிலும் பாட்டு நின்றுவிடுவதால் குழப்பம் இயல்பானதே. ஆனால் பிரித்தறிவது எளிது. பாட்டு நின்ற அந்த நொடியிலேயே "அலெக்ஸா" என்றோ "ஓகே கூகுள்" என்றோ கூப்பிட்டுப் பாருங்கள். அழைப்புச் சொல்லைக் கேட்டறியும் வேலை ஸ்பீக்கருக்குள்ளேயே நடப்பதால், இணையம் இல்லாவிட்டாலும் விளக்கு எரியும். இணையத்தோடு சேர முடியவில்லை என்று அது பதிலும் சொல்லும். அப்படியானால் ஸ்பீக்கரின் மின்சாரம் அறுபடவில்லை, பார்க்க வேண்டியது ரூட்டரை. கூப்பிட்டும் எந்தச் சலனமும் இல்லாமல், தொடக்க நேரத்து விளக்கு தோன்றினால் அது மறுதொடக்கம். அமேசானின் எக்கோ வகைகளில் நீல வளையத்தின் மேல் வெளிர்நீலம் சுற்றி வரும். கூகுளின் நெஸ்ட் மினியில் மேற்புறத்துப் புள்ளி விளக்குகள் மின்னும்.

ரூட்டரும் ஸ்பீக்கரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கும் வீடுகளில் இரண்டும் சேர்ந்தே அணைந்து எழுவதுண்டு. ஸ்பீக்கர் அடங்கும்போது ரூட்டரின் விளக்குகளும் ஒருமுறை அணைகின்றனவா என்று பாருங்கள். அணைந்தால் இரண்டு கருவிகளும் நல்லவை, பெட்டிதான் குற்றவாளி. ஸ்பீக்கரை ஸ்மார்ட் பிளக் ஒன்றில் செருகியிருந்தால் அதைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். எப்போதோ போட்டு மறந்த ஒரு நேர அட்டவணை, தினமும் அதே மணிக்கு அதை அணைத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்து, ஒவ்வொரு முறை அணையும்போதும் நேரம், அப்போதைய ஒலியளவு, விளக்கின் நிறம், அந்த நேரத்தில் வீட்டில் வேறு எது ஓடியது ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். வீட்டில் எல்லோரும் குறிக்க வேண்டும். சும்மா நிற்கும்போது அணைகிறதா, வேலை செய்யும்போது மட்டும் அணைகிறதா என்ற ஒன்று தெரிந்தாலே பாதி வழி கடந்தாயிற்று.

ஒலியைக் கூட்டினால் மட்டும் அணைகிறது

மெல்லிய ஒலியில் மணிக்கணக்காகப் பாடும் ஸ்பீக்கர், அடி கனமான ஒரு கானாப் பாட்டை முழு ஒலியில் வைத்ததும் தாளம் விழும் இடத்தில் சுருண்டு போகிறது என்றால், அடாப்டரால் அந்தக் கணத்துக்குத் தேவையான மின்னோட்டத்தைக் கொடுக்க முடியவில்லை என்று பொருள். தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் ஒவ்வொரு அடிக்கும் பெருக்கிச் சுற்று திடீரென்று கூடுதலாக மின்சாரம் இழுக்கிறது. அப்போது வோல்டேஜ் ஓர் எல்லைக்குக் கீழே சரிந்தால், உள்ளேயிருக்கும் செயலி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து மீண்டும் தொடங்குகிறது. சோதனைக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பதால், ஒலியளவை மூன்றில் வைத்து ஒருமுறையும் ஒன்பதில் வைத்து ஒருமுறையும் அதே பாட்டைப் போட்டு, அணைவது தாளத்தோடு ஒத்துப்போகிறதா என்று கவனியுங்கள். சில கருவிகளில் அணைவதற்கு முன்பே விளக்கு ஒவ்வொரு அடிக்கும் லேசாக மங்கித் துடிப்பதை இருட்டறையில் தெளிவாகப் பார்க்கலாம்.

இனி அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எழுத்து மிகப் பொடியாக இருக்கும். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது சுலபம். "அவுட்புட்" என்ற சொல்லுக்கு நேராக உள்ள வோல்ட், ஆம்பியர் ஆகிய இரண்டும், ஸ்பீக்கரின் அடிப்பகுதியிலோ பெட்டியிலோ கையேட்டிலோ கேட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எக்கோ டாட் மூன்றாம் தலைமுறையின் அடாப்டர் 12 வோல்ட், 1.25 ஆம்பியர், அதாவது 15 வாட். நெஸ்ட் மினிக்கும் அதே 15 வாட்தான், ஆனால் வோல்டேஜ் 14. முந்தைய கூகுள் ஹோம் மினிக்கு மைக்ரோ யுஎஸ்பி வழியாக 5 வோல்ட், 1.8 ஆம்பியர். நெஸ்ட் ஆடியோவுக்கு 24 வோல்ட். ஆப்பிள் ஹோம்பாட் மினிக்கு 20 வாட் தரக்கூடிய யுஎஸ்பி-சி அடாப்டர். வாட் ஒன்றாக இருந்தாலும் வோல்டேஜ் வேறு என்பதைக் கவனியுங்கள்.

வட சென்னையில் கேபிள் டிவி செட்டாப் பாக்ஸ் இல்லாத வீடு குறைவு. அந்தப் பெட்டி கெட்டுப்போன பிறகும் அதன் அடாப்டர் மேசை இழுப்பறையில் உயிரோடு இருக்கும். ஸ்பீக்கரின் அடாப்டர் போய்விட்டால் முதலில் கை போவது அங்கேதான். முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடக் கூடாது. ஆம்பியர் குறைவாக இருந்தால் இப்போது நாம் பேசிக்கொண்டிருக்கும் பழுது வரும். வோல்டேஜ் கூடுதலாக இருந்தால் ஸ்பீக்கரே போய்விடும். ஆம்பியர் கூடுதலாக இருப்பதால் தீங்கில்லை, ஏனெனில் கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். முனையின் நடுப்பகுதி நேர்முனையா எதிர்முனையா என்று காட்டும் சிறு வட்டக் குறியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மைக்ரோ யுஎஸ்பி வகை ஸ்பீக்கர்களில் இன்னொரு பழக்கத்தையும் பார்க்கிறோம். டிவியின் பின்னால் உள்ள யுஎஸ்பி துளையில் ஸ்பீக்கரைச் செருகி, டிவி போட்டால் ஸ்பீக்கரும் எழும்படி அமைத்துவிடுகிறார்கள். அந்தத் துளை பெரும்பாலும் அரை ஆம்பியர் அளவுக்கே கொடுக்கும், 1.8 ஆம்பியர் கேட்கும் கருவிக்கு அது எந்த மூலைக்கு? கைபேசிக்கென்று வாங்கிய நீளமான, மெல்லிய கேபிளும் இதே விளைவைத் தரும், ஏனென்றால் 5 வோல்ட்டில் இயங்கும் கருவிக்குக் கேபிளிலேயே அரை வோல்ட் தொலைந்தால்கூட அது பத்தில் ஒரு பங்கு.

அடாப்டரை மல்ட்டிமீட்டரில் அளந்து "12 வோல்ட் சரியாக வருகிறது" என்று திருப்தி அடைபவர்கள் இருக்கிறார்கள். சுமை எதுவும் இல்லாதபோது கெட்டுப்போன அடாப்டரும் சரியான அளவையே காட்டும். உள்ளே மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கப்பாசிட்டர் வயதாகி வற்றிப்போனது சுமை ஏறும்போதுதான் வெளிப்படும். அளவீட்டை நம்புவதைவிட, அதே மாதிரி ஸ்பீக்கர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடம் அடாப்டரை ஒரு மாலை கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பது உறுதியான முடிவைத் தரும்.

கேபிளைத் தொட்டால், மேசை அசைந்தால் அணைகிறது

இது லூஸ் கான்டாக்ட். எங்கே என்பதுதான் கேள்வி. ஸ்பீக்கரின் பின்புறத் துளை, அடாப்டரின் உடலிலிருந்து கம்பி வெளிவரும் கழுத்து, அடாப்டரின் பின் சாக்கெட்டில் உட்காரும் இடம் என்று மூன்று இடங்களை ஒவ்வொன்றாக, மற்றவற்றை அசைக்காமல், விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள்.

கடலிலிருந்து சில தெருக்களுக்குள் வசிப்பவர்கள் மூன்றாவது இடத்தை முதலில் பார்க்கலாம். காசிமேட்டில் ஒரு வீட்டில் சுவிட்ச் போர்டைக் கழற்றியபோது, பின்னைக் கவ்வ வேண்டிய பித்தளைத் தகடுகளின் ஓரம் முழுவதும் பச்சைப் படிவம் ஏறியிருந்தது. அதில் செருகியிருந்த அடாப்டரின் பின் நுனியில் ஊசியால் குத்தியதுபோல் கரிய புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு தீப்பொறி விழுந்த தடம். உப்புக் காற்று செம்பையும் பித்தளையையும் அரிக்கிறது, அரித்த இடத்தில் தொடர்பு நழுவுகிறது, நழுவிய இடத்தில் பொறி பறக்கிறது, பொறியால் மேலும் அரிக்கிறது. மின்விசிறிக்கும் விளக்கிற்கும் இது பொருட்டே இல்லை, ஒரு கணம் அறுந்தாலும் அவை சுற்றிக்கொண்டும் எரிந்துகொண்டும் இருக்கும். உள்ளே ஒரு குட்டிக் கணினியை வைத்திருக்கும் ஸ்பீக்கருக்கு அந்த ஒரு கணம் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் புகுந்த வீடுகளில், தாழ்வாக வைத்த பிளக் பாயிண்டுகள் மூழ்கி, காய்ந்தபின் "வேலை செய்கிறதே" என்று அப்படியே விடப்பட்டிருந்தால் அவையும் இந்தக் கணக்கில் சேரும். சுவிட்சுக்குள் எறும்பு புகுந்து கான்டாக்ட் நடுவே நசுங்கிக் கிடப்பதும் அதே கதைதான். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் எலக்ட்ரீஷியன்களைக் கேட்டால் தெரியும்.

செய்ய வேண்டியது: முதலில் ஸ்பீக்கரை வேறு அறையில், வேறு சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இல்லாமல் நேரடியாகச் செருகி இரண்டொரு நாள் விட்டுவிடுங்கள். அங்கே அணையாமல் ஓடினால் பழைய பாயிண்டை மாற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயினை அணைக்காமல் போர்டைத் திறக்க வேண்டாம். அடாப்டரின் பின்னில் கருமை இருந்தால், கைபேசி பழுது பார்ப்பவர்கள் ஐபிஏ என்று சொல்லும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்துத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் செருகலாம். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும், பிறகு இன்னும் வேகமாக அரிக்கும்.

வெளிநாட்டுச் சரக்கு விற்கும் சென்னை பர்மா பஜாரிலோ வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கையாலோ கிடைத்த ஸ்பீக்கர்களுக்குத் தனியாக ஒரு சொல். அமெரிக்க அடாப்டரின் தட்டையான இரு பின்கள் நம் ஊர் உருண்டைத் துளைகளில் பிடிப்பின்றித் தொங்கும். அதற்குப் போடும் மலிவான கன்வெர்ட்டர் பிளக் இன்னொரு தளர்ந்த இணைப்பைச் சேர்க்கிறது. அந்த அடாப்டரின் "இன்புட்" வரியில் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் நம் மின்சாரத்தில் ஓடும். ஆனாலும் அதே அவுட்புட் கொண்ட இந்தியப் பின் அடாப்டர் ஒன்று வாங்கிவிடுவதே நல்லது.

மோட்டார் போட்டால், பிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் அணைகிறது

காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் தெருவில் வரிசையாக மோட்டார்கள் ஓடத் தொடங்கும். ஒரு மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. பழைய வீடுகளில் அறை முழுவதற்கும் ஒரே மெல்லிய கம்பி போயிருந்தால், அந்த இழுப்பில் வோல்டேஜ் சரிந்து விளக்கு மங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். இதை வைத்து "ஈபியில் லோ வோல்டேஜ், அதனால்தான் ஸ்பீக்கர் அணைகிறது" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இதில் ஒரு திருத்தம் தேவை. ஸ்பீக்கர் அடாப்டர்கள் பொதுவாக 100 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டவை. 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தாலும் அவை சளைக்காமல் ஓடும். ஆகவே வெறும் லோ வோல்டேஜ் ஸ்பீக்கரை அணைப்பதில்லை. ஆனால் அடாப்டருக்குள் இருக்கும் கப்பாசிட்டரில் சேமிப்பாக நிற்கும் ஆற்றல் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப இருப்பதால், 230 வோல்ட்டில் நிற்கும் சேமிப்போடு ஒப்பிட்டால் 180 வோல்ட்டில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான் நிற்கும். மின்சாரம் ஒரு கணம் அறுந்தால் அந்தச் சேமிப்பை வைத்துத்தான் அடாப்டர் சமாளிக்கிறது. வோல்டேஜ் இறங்கிச் சேமிப்பு குறைந்திருக்கும் நேரத்தில் அதே சிறு அறுப்பு ஸ்பீக்கரைச் சாய்த்துவிடுகிறது. ஆகவே தேட வேண்டியது அறுபடும் இடத்தை. மோட்டார் இருக்கும் சர்க்யூட்டிலேயே ஸ்பீக்கரும் இருக்கிறதா, பியூஸ் கட்டையில் கம்பி தளர்ந்து கருகியிருக்கிறதா, மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழும் சுவிட்சான எம்சிபியின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரை வேறு சர்க்யூட்டுக்கு மாற்றியதுமே பல வீடுகளில் தொல்லை தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை, ஸ்பீக்கரை விடப் பெரிய விஷயம். பிரிட்ஜோ மோட்டாரோ தொடங்கும்போது ஒரு விளக்கு மங்குவதற்குப் பதிலாக பிரகாசம் கூடினால், அல்லது ஓர் அறையில் மங்கி மற்றோர் அறையில் கூடினால், நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கலாம். மூன்று பேஸ் இணைப்புள்ள குடியிருப்புகளில் நியூட்ரல் முழுவதும் விட்டுப்போனால் சில வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்கு மிக அதிகமாக, 400ஐ நெருங்கும் அளவுக்குக்கூட மின்சாரம் ஏறும். ஸ்பீக்கரோடு டிவி, பிரிட்ஜ் எல்லாம் ஒரே நாளில் போகும், தீப்பிடிக்கவும் கூடும். அப்படித் தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987ஐ உடனே அழையுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது அணைகிறது

இன்வெர்ட்டர் இருந்தும் ஸ்பீக்கர் ஒவ்வொரு முறையும் அணைந்து எழுவது கடையில் ஏமாற்றப்பட்டதுபோன்ற உணர்வைத் தரும். அங்கே ஏமாற்று எதுவும் இல்லை. வாரிய மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டருக்குச் சில மில்லி நொடி முதல் சில பத்து மில்லி நொடி வரை ஆகும். நம் மின்சாரத்தின் ஒரு சுழற்சி 20 மில்லி நொடி. முழுச் சுமையில் உள்ள சிறு அடாப்டர் தன் சேமிப்பை வைத்து ஏறக்குறைய அவ்வளவு நேரந்தான் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் சும்மா நிற்கும் ஸ்பீக்கர் தப்பிவிடுகிறது, உரக்கப் பாடிக்கொண்டிருப்பது விழுந்துவிடுகிறது. உங்கள் தாளிலும் இந்த வேறுபாடு தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்புறத்திலோ முன்புறத்திலோ "யுபிஎஸ்" என்றும் "ஈகோ" (ECO) அல்லது "நார்மல்" என்றும் குறித்த ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். பொருத்த வந்தவர் எந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் போனாரோ அந்தப் பக்கத்திலேயே அது காலமெல்லாம் நிற்கும். யுபிஎஸ் நிலையில் மாற்றம் வேகமாக நடக்கும். வோல்டேஜ் ஏறத்தாழ 180க்குக் கீழே இறங்கினாலே பேட்டரிக்குத் தாவிவிடும். மற்ற நிலையில் மாற்றம் மெதுவாக நடக்கும். வோல்டேஜ் நன்றாகச் சரியும் வரை அது வாரிய மின்சாரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். மாலையில் வோல்டேஜ் அடிக்கடி இறங்கும் தெருக்களில் இதனால் இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குத் தாவி, பேட்டரியின் ஆயுள் குறையலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு ஸ்பீக்கருக்காகப் பேட்டரியைத் தேய்க்க வேண்டுமா என்றால், நான் வேண்டாம் என்றே சொல்வேன். ரூட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை, ஸ்பீக்கர் 12 வோல்ட் வகையாகவும் மினி யுபிஎஸ் தேவையான ஆம்பியரைக் கொடுப்பதாகவும் முனையும் பொருந்துவதாகவும் இருந்தால் மட்டும், இடையில் வைப்பது செலவு குறைந்த தீர்வு. 14 வோல்ட், 24 வோல்ட் கருவிகளுக்கு அது ஆகாது.

பிற்பகலில் மட்டும் அணைகிறது

வெப்பம். ஹோம்பாட் மினியைச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் இயக்கலாம் என்பது ஆப்பிளின் வரையறை. கத்திரி வெயில் நாட்களில் ஷீட் போட்ட மாடி அறையோ மேற்குப் பார்த்த ஜன்னலோரமோ அதைக் காலையிலேயே தாண்டிவிடும். ஸ்பீக்கரைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு இயல்பன்று. அணைத்துவிட்டு அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் வைத்தபின் நெடுநேரம் சரியாக ஓடினால் காரணம் உறுதியாகிவிட்டது, இடத்தை மாற்றுங்கள்.

பூஜை அலமாரியில் காலைப் பக்திப் பாடல்களுக்காக வைக்கப்படும் ஸ்பீக்கர்கள் இதில் தனி ரகம். விளக்கின் சூடு கீழிருந்து ஏறுகிறது, சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் துணி உறையில் படிந்து காற்றுப் போக்கை அடைக்கின்றன. விளக்கைவிட உயரத்தில் ஸ்பீக்கரை வைக்க வேண்டாம். பக்கவாட்டில் ஓரடியாவது தள்ளி வைத்தால் பாட்டும் கேட்கும், கருவியும் பிழைக்கும்.

நள்ளிரவில் எப்போதாவது ஒருமுறை

விட்டுவிடுங்கள். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் மென்பொருள் புதுப்பிப்பை இறக்கி, ஸ்பீக்கர் தானாகவே ஒருமுறை அணைந்து எழும். ஒவ்வோர் இரவும் அப்படி நடந்தால் மட்டுமே அடுத்த பகுதியைப் படியுங்கள்.

எழுந்து முடிப்பதற்குள் மறுபடி அணைகிறது

விளக்கு சுற்றுகிறது, அணைகிறது, மறுபடி சுற்றுகிறது. கூப்பிட வாய்ப்பே கிடைப்பதில்லை. இங்கே மின்சாரமா மென்பொருளா என்பதைப் பிரிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. ஸ்பீக்கரின் மின்சாரத்தை எடுத்துவிட்டு, ரூட்டரையும் முழுவதுமாக அணையுங்கள். சில நிமிடம் கழித்து, ஒழுங்காக வேலை செய்வதாக நீங்கள் அறிந்த அடாப்டரோடும் வேறு அறையின் பிளக் பாயிண்டோடும் ஸ்பீக்கரை மட்டும் போடுங்கள். வைஃபை இல்லாத நிலையில் அது இணைப்பைத் தேடிக்கொண்டு அணையாமல் நின்றால், வன்பொருள் பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளது. இணையத்தில் சேர்ந்த பிறகு நடக்கும் ஏதோ ஒன்று, அநேகமாகப் பாதியில் நின்ற புதுப்பிப்பு, அதைத் தடுக்கிறது. வைஃபை இல்லாமலும் அதே சுழற்சி தொடர்ந்தால் பழுது ஸ்பீக்கருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில்.

முதல் வகை என்றால், கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை உங்கள் வீட்டு வைஃபையின் அதே பெயரிலும் அதே கடவுச்சொல்லிலும் அமைத்து, ரூட்டர் அணைந்திருக்கும்போதே ஸ்பீக்கரை அதில் சேரவிடுங்கள். ஹாட்ஸ்பாட்டில் அணையாமல் ஓடினால், ரூட்டரை ஒருமுறை மறுதொடக்கம் செய்து அதன் மென்பொருளையும் புதுப்பியுங்கள். இதற்கிடையில் அரை மணி நேரமாவது யாரும் தொடாமல் விட்டால் ஸ்பீக்கர் தன் புதுப்பிப்பை முடித்துக்கொள்ளலாம். எக்கோவாக இருந்தால் அலெக்ஸா செயலியில் கருவியின் பெயரைத் தட்டி மென்பொருள் பதிப்பைப் பார்க்கலாம். கூகுள் ஹோம் செயலியில் கருவியின் அமைப்புகளுக்குள் அதே விவரம் கிடைக்கும்.

புதுப்பிப்பே கருவியை முடக்கிய நிகழ்வுகளும் உண்டு. 2019 அக்டோபரில் கூகுள் ஹோம், ஹோம் மினி ஸ்பீக்கர்கள் சில ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு எழவே முடியாமல் முடங்கின. அவற்றை மாற்றித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆகவே ஒரே வாரத்தில் உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று வீடுகளில் ஒரே மாதிரி ஸ்பீக்கர் ஒரே வகையில் கெட்டால், வயரிங்கைக் குடைவதை நிறுத்திவிட்டு நிறுவனத்தின் உதவி மையத்தைத் தொடர்புகொள்ளுங்கள்.

இப்போது ரீசெட்

மேலே சொன்னவை எல்லாம் முடிந்தும் மென்பொருளின் மேல் சந்தேகம் நிலைத்தால் மட்டும் இதற்கு வாருங்கள். எக்கோ டாட் மூன்றாம் தலைமுறையிலும் அதன் பின் வந்தவற்றிலும் புள்ளி பொறித்த பொத்தானை 20 முதல் 25 நொடி அழுத்திப் பிடித்தால் வளையம் ஆரஞ்சு நிறமாகும். நெஸ்ட் மினியில் பக்கவாட்டு மைக் சுவிட்சை அணைத்து, மேற்புறத்தின் நடுவில் ஏறத்தாழ 15 நொடி, உறுதிப்படுத்தும் ஒலி வரும்வரை விரலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். பழைய ஹோம் மினியில் அடிப்பகுதியில், கம்பி நுழையும் இடத்துக்கு அருகே ஒரு சிறு வட்டம் தெரியும். அழுத்த வேண்டியது அதைத்தான். ஹோம்பாட் மினியில் மின்சாரத்தை எடுத்து 10 நொடி கழித்துச் செருகி, மேலும் 10 நொடி பொறுத்து, மேற்புறத்தில் விரலை வைத்தால் வெள்ளை விளக்கு சிவப்பாக மாறும். மூன்று முறை ஒலிக்கும் வரை விரலை எடுக்கக் கூடாது. அதையும் மீறிச் சுழற்சி தொடர்ந்தால் யுஎஸ்பி-சி கேபிளைக் கணினியில் செருகி மென்பொருளை முழுவதுமாக மீண்டும் ஏற்றலாம். ஹோம்பாட் மினிக்கு உள்ள இந்த வசதி மிகப் பயனுள்ளது, பலருக்குத் தெரிவதில்லை.

ரீசெட் நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். அன்று உங்கள் பகுதியில் பராமரிப்புக்கான மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வைஃபை இல்லாமல் கருவிகளை இணைக்கும் ஜிக்பீ என்ற ரேடியோ முறை வழியாக நேரடியாக இணைத்த பல்புகளையும் சென்சார்களையும் மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எதற்கும் அடங்கவில்லை என்றால்

வாரண்டிக் காலத்துக்குள் இருந்தால் ஸ்பீக்கரைத் திறக்கவே வேண்டாம். வாங்கிய ரசீதோடு நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, உங்கள் தாளில் குறித்ததை அப்படியே சொல்லுங்கள்: எந்த அடாப்டர்களோடு சோதித்தீர்கள், வைஃபை இல்லாமல் என்ன நடந்தது, ரீசெட்டுக்குப் பிறகு எத்தனை நிமிடத்தில் மறுபடி அணைந்தது. உதவி மையத்தில் இருப்பவர் "அணைத்துவிட்டுப் போடுங்கள்" என்பதிலிருந்து தொடங்குவதை இது தவிர்க்கும். அடாப்டரையும் சேர்த்தே கொடுங்கள். ஸ்பீக்கரை மட்டும் மாற்றி வாங்கி, கெட்ட அடாப்டரில் மறுபடி செருகி, அதே பழுது வந்துவிட்டது என்று மீண்டும் அலைபவர்கள் உண்டு. நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாரண்டி முடிந்ததாகவோ பர்மா பஜார் சரக்காகவோ இருந்தால், பின்புறத் துளையின் ஈயப் பற்று விட்டுப்போயிருப்பது சரிசெய்யக்கூடிய பழுது. மைக்ரோ யுஎஸ்பி வகை என்றால் கைபேசியில் உள்ளதைப் போன்ற துளைதான், தெருமுனைக் கைபேசிக் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவார். உருளை முனை என்றால் சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்கு எடுத்துச் செல்லுங்கள். ஸ்பீக்கரையும் அடாப்டரையும் காட்டி, முனை பொருந்துவதை நேரில் செருகிப் பார்த்தபின் பணம் கொடுங்கள். பழுது போர்டின் முதன்மைச் சிப்பில் என்று சொன்னால் செலவு புது ஸ்பீக்கரின் விலையை நெருங்கிவிடும், அதற்கு மேல் அதில் பணம் போட வேண்டாம். பேட்டரி உள்ள ஸ்பீக்கராக இருந்து உடல் உப்பியிருந்தாலோ, எந்த வகையிலும் கருகிய வாடை வந்தாலோ, சோதனைக்காகக்கூட அதற்கு மறுபடி மின்சாரம் கொடுக்காமல் மின்கழிவு வாங்குவோரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.